ஹெல்பர் என்று ஒரு வரி

இன்று காலை கடையில் வார்னிஷ் வாடை அடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீ இல்லை. நம் வயதுக்காரி ஒருத்தி ரெஸ்யூம் அடிக்க வந்திருந்தாள். மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். அவள் பே ஸ்லிப்பை நீட்டினாள். பதவி என்ற இடத்தில் 'ஹெல்பர்' என்று இருந்தது. எனக்கு வருத்தம்கூட வரவில்லை. நீ போன பிறகு எனக்கு எதுவும் சட்டென்று வருவதில்லை.

போன ஆடியில் நீயும் இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாய். நம் சூலூரிலேயே ஒரு பம்ப் கம்பெனியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவைப் பார்த்துக்கொள்ள வைண்டிங் இன்சார்ஜ் வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள். அது கிடைத்தால் இரண்டு பஸ் மாறிப் போகிற பாடு தீரும், மகளுக்கு நீயே தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பலாம். உன் ஆசை அவ்வளவுதான்.

எல்லோருக்கும் அடிக்கிற அதே படிவத்தில் உன்னுடையதையும் அடித்தேன். மேலே லட்சியம் என்று யாரோ எழுதிய நான்கு வரி. அப்பா பெயர், பிறந்த தேதி, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. நீ விரல் வைத்துப் படித்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏம்புள்ள, கோலம் போடறதுக்கும் பாட்டு கேக்கறதுக்கும் மூணு வரி. பதனோரு வருச வேலைக்கு ஒத்த வரிதானா?"

ஹெல்பர், பதினொரு ஆண்டுகள். அதுதான் அந்த வரி.

"இன்சார்ஜ்னு போட்டுடு அம்மணி. அந்த வேலையத்தான நான் செய்யறேன்?"

"பே ஸ்லிப்புல ஹெல்பர்னுதான இருக்குது. நாளைக்குக் கேட்டா நீதான் மாட்டிக்குவ."

"அரிச்சந்திரன் பேத்தி வந்துட்டா" என்று சொல்லி, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். எனக்கு உள்ளூரப் பெருமைதான். பொய் எழுதாத கடை என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டம் ஒன்று இருந்தது.

அந்தப் பம்ப் கம்பெனியில் உன்னை உள்ளேகூட விடவில்லை. வாசலில் காகிதத்தை வாங்கிப் பார்த்தவர், ஹெல்பர் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "உட்டுத்தள்ளு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாய். நானும் விட்டுத்தள்ளிவிட்டேன்.

கார்த்திகையில் உனக்குப் பத்து நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்க உன் வீட்டுக்காரர் என்னிடம்தான் வந்தார். "பேருக்குக் கீழ என்னங்க போடறது?" என்று கேட்டார். பிளெக்ஸுக்கு யாரும் பே ஸ்லிப் கேட்பதில்லை. வைண்டிங் இன்சார்ஜ் என்று பெரிய எழுத்தில் அடித்தேன்.

உன் கம்பெனிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மேனேஜர் பிளெக்ஸ் முன்னால் நின்று படித்தார். அடித்தது நான்தான் என்றேன். அவர் திரும்பி, "சரியாத்தானுங்க போட்டிருக்கறீங்க. அந்தம்மா இல்லாம செக்‌ஷனே ஓட மாட்டீங்குது" என்றார். சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள். நான் பிளெக்ஸின் ஓரம் மடங்கியிருந்ததை நீவி விட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று வந்தவளிடம், பதவி கிடக்கட்டும், அங்கே தினமும் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு அரை மணி நேரம் பேசினாள். ஹெல்பர் என்பதை நான் மாற்றவில்லை. அதன் பக்கத்திலேயே மோட்டார் வைண்டிங் என்று சேர்த்தேன். கீழே, புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, எரிந்த காயிலைப் பிரித்துக் காரணம் கண்டுபிடிப்பது என்று அவள் சொன்னதையெல்லாம் வரி வரியாகப் போட்டேன். 'பணி அனுபவம்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு 'மோட்டார் வைண்டிங்கில் ஒன்பது ஆண்டுகள்' என்று வைத்து, அதை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினேன். பொழுதுபோக்கை அழித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை உனக்கும் செய்திருக்கலாம். உன்னை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அவள் இரண்டு தடவை படித்தாள். "இப்பிடியெல்லாம் போடலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

போடலாம் என்றேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இனி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்.