அண்ணனின் இரண்டு இருக்கைக் கார்

மார்ச் 3, ஞாயிறு

காலையிலேயே அண்ணி ஃபோன் செய்தாள். ஷெட்டில் கிடக்கும் காரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போவதாகச் சொன்னாள். போட்டுவிட்டால் அண்ணன் தாங்க மாட்டார் என்றும் அவளே சொன்னாள். இரண்டும் ஒரே மூச்சில். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாளோ அதைத்தான் சொன்னேன்: “நான் வந்து பாக்குறேன் அண்ணி.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மார்ச் 10, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். அதைக் கார் என்று சொல்ல மனம் வரவில்லை. இத்தாலியில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, என்னைவிட நாலைந்து வயது இளையது. சல்லிசாகக் கிடைத்தது என்று அண்ணன் போன வருடம் வாங்கி வந்து, வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். கழற்றுவதில் கெட்டிக்காரர். திருப்பி மாட்டுவதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நட்டும் போல்ட்டும் காலி பெயின்ட் டப்பாக்களில் கலந்து கிடக்கின்றன. காரின் தரைத்தகட்டை விரலால் அழுத்தினேன். விரல் மறுபக்கம் போய்விட்டது, அவ்வளவு துரு.

அண்ணி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை. மிஞ்சியிருப்பவை இரண்டு சொற்கள்: ‘இல்ல’, ‘மடையா’. யோசிக்காமலே வாயில் வந்து பழகிய சொற்கள்தான் இப்படித் தப்பிக்குமாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாளாம். இத்தனை வருடம் அவர் என்னிடம் பேசியது எல்லாமே அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். என்னளவில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

மனைவி இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், “வாரம் பூரா பல் டாக்டருங்களோட நாற்காலிய ரிப்பேர் பண்றீங்க. ஞாயித்துக்கிழமையும் ஸ்பேனரா? நம்ம வீட்டு ஜன்னல் வலை கிழிஞ்சு எவ்வளவு நாளாச்சு?” என்றாள்.

அண்ணன் சொல்லித்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது என்றேன்.

“அத அவங்க வீட்டுல எல்லாரும் நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க. நீங்களும் எதுக்கு சுமக்கணும்?”

ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டேன். போனேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தேன். காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்ததில் சட்டை முழுக்கத் தீப்பொறி ஓட்டை. மேலே வாசலிலிருந்து அண்ணன் குரல் விடாமல்: இல்ல. இல்ல. இல்ல. எது இல்லை என்று ஒவ்வொரு முறையும் வெளியே வந்து கேட்டேன். இடது கையால் எதையோ காட்டுகிறார். காற்றைக் காட்டினாரா, கதவைக் காட்டினாரா, தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் வெயில் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் தள்ளி நிறுத்தினேன். அடங்கினார்.

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஜூன் 2, ஞாயிறு

கதவு இடுக்கில் விரல் நசுங்கிவிட்டது. எழுத வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டது. பிளக் வயர்களை வரிசையாக மாட்டினேன். இங்கே அண்ணன் தலையிட்டார். இரண்டு வயர்களை இடம் மாற்றச் சொல்லிக் கையை ஆட்டினார். காரோடு வந்த புத்தகத்தைக் காட்டினேன். இல்ல. படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். மடையா. சரி, உங்கள் கார் என்று மாற்றினேன். சாவியைத் திருப்பியதும் புகைக்குழாய் வெடித்த சத்தத்தில் அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்தாள். என்னவென்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: “மடையா.”

அண்ணியும் என்னைத்தான் பார்த்தாள். “பாத்துப் பண்ணுங்க தம்பி. அவரு பயந்துடப் போறாரு.”

அவர் சாப்பிடப் போனதும் வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டுக் கைகழுவிக் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் ஐம்பது வயதுக்கு மேல் ஆனவன் — இன்னும் இந்த வீட்டில் ‘பாத்துப் பண்ணுங்க’தான்.

ஜூலை 28, ஞாயிறு

ஓடியது.

முதலில் இருமியது, நின்றது. கார்புரேட்டரைத் திருகிக் கொஞ்சம் சரிசெய்தேன். மறுபடி சாவி. பிடித்துக்கொண்டது. ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். பக்கத்தில் போனேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கிரீஸ் ஒட்டும் அண்ணா என்றேன். விடவில்லை. எஞ்சின் சூடாகி நான் போய் அணைக்கும் வரை பிடித்தபடியே இருந்தார்.

இப்படி அவர் என்னைத் தொட்டதாக நினைவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பைத்தியக்காரன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நாளைக்கு நானே மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

பெயின்ட் காய்ந்து, இருக்கைகளுக்குத் தோல் போட்டு, வண்டியை முதன்முறையாக ஷெட்டுக்கு வெளியே நிறுத்தினோம். வண்டியைக் காட்ட அண்ணன் ஆசைப்படுவாரே என்று நானும் அண்ணியும்தான் அவருடைய பழைய கூட்டாளியை அழைத்திருந்தோம். பழைய கார்களைச் சேர்த்து வைத்திருக்கும் மனிதர். உறவுக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். கூட்டாளி வண்டியை இரண்டு சுற்று சுற்றினார், குனிந்து அடியில் பார்த்தார், பானெட்டைத் திறந்தார். அசந்துபோனார். வெல்டிங் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்து, “யாருப்பா இதச் செஞ்சது? கடையில குடுத்தா இவ்வளவு சுத்தமா வராதே” என்றார்.

அண்ணி சொல்வாள் என்று நினைத்தேன். அப்போது நாற்காலியிலிருந்து அண்ணன் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். எல்லாரும் திரும்பினோம். அவர் உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. எதையோ கல்லைப் புரட்டுகிற மாதிரி புரட்டி வெளியே தள்ளினார்.

“நா... ன்.”

பிறகு அண்ணி அழ ஆரம்பித்தாள். கூட்டாளி அவரைக் கட்டிக்கொண்டார். பேசிட்டாரு, பேசிட்டாரு என்று ஒரே இரைச்சல். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டு, “இன்னொரு தடவ சொல்லுங்க, அவன் கேக்கட்டும்” என்றாள் அண்ணி. அவர் மறுபடி சொன்னார். நான். இப்போது இன்னும் தெளிவாக. மகன் அந்தப் பக்கம் அழுதான்.

நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள் என்பதால் நானும் சிரித்தேன். கிளம்பும்போது அண்ணி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: எல்லாம் அவரே உட்கார்ந்த இடத்திலிருந்து செய்ய வைத்தாராம், தம்பி கூடமாட ஒத்தாசையாம்.

செப்டம்பர் 23, திங்கள்

அவர் வேறு எதையோ சொல்ல வந்து அந்தச் சொல் வந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும். நோயாளி.

இல்ல, தெரிஞ்சுதான் சொன்னாரு. சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. நான் கண்ணால பாத்தேன். ரெண்டாவது தடவ சொல்லும்போது என்னைப் பாக்கவே இல்ல. வேற என்ன வேணும் எனக்கு?

யார்கிட்ட போய்ச் சொல்றது இதை? ஊமை பேசினான்னு ஊரே கொண்டாடுது, எனக்கு மட்டும் அவர் பேசினது பொறுக்கலன்னா? சொல்லிப் பார்த்தாலே எவ்வளவு அசிங்கமா இருக்கு.

அக்டோபர் 6, ஞாயிறு

போகவில்லை. ஜன்னல் வலையை மாற்றினேன். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

அண்ணி பேசினாள். புதுப் புதுச் சொற்கள் வருகின்றனவாம். தண்ணி, கதவு, போ. பயிற்சிப் பெண்ணுக்கே ஆச்சரியமாம். “எல்லாம் அந்த வண்டி குடுத்த தெம்பு தம்பி.” மாலையில் அவரை அதில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்ட ஒரு டிரைவர் போட்டிருக்கிறார்களாம். நான் ஏன் வருவதில்லை என்று அவள் கேட்கவில்லை. வேலை முடிந்துவிட்டது, வர என்ன இருக்கிறது?

நல்லது அண்ணி, சந்தோஷம் என்றேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது தெருவில் அந்த எஞ்சின் சத்தம். ஆயிரம் வண்டிகளுக்கு நடுவிலும் எனக்குத் தெரியும். ஆனால் சத்தம் சரியில்லை, நாலில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எங்கள் வாசலில் வந்து விக்கி நின்றது.

இளவயது டிரைவர் ஒருவன் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினான். “மெக்கானிக் வீடு இதுதானா சார்? வண்டி வழியெல்லாம் திக்குது. ஐயாதான் கையக் காட்டி இங்க கூட்டிட்டு வந்தாரு.”

கீழே போனேன். அண்ணன் சீட் பெல்ட் போட்டு நேராக உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். பிறகு பானெட்டைத் திறந்தேன். ஒரு பிளக் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தி மாட்டினேன். எஞ்சின் சீராகிவிட்டது.

டிரைவருக்குப் பெரிய நிம்மதி. “அடிக்கடி இப்படி ஆனா கூப்பிடுறேன் சார். உங்க நம்பர் சொல்லுங்க, போட்டுக்கிறேன்.”

அண்ணன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே, மெயின் ரோட்டு ஒர்க்‌ஷாப்பின் நம்பரைச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, அவருக்கும் கேட்கிற மாதிரி. நல்ல வேலைக்காரர்கள், பழைய வண்டியும் பார்ப்பார்கள் என்றேன்.

வண்டி திருப்பத்தில் மறைந்ததும் மேலே வந்தேன். யாருங்க என்று மனைவி கேட்டாள்.

“தெரியல. வண்டி நின்னுபோச்சுன்னு வந்தாங்க.”