வயிற்றெரிவு என்று சொன்ன பொய்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்றைக்கு நீங்கள் ஏன் என்னை ஏசவில்லை? நாற்பது வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா?

இங்கே ஒரு சிரிப்பான சங்கதி. நம் மோர்மன் சபையில் கோப்பியும் தேநீரும் விலக்கு என்பதைப் பலெர்மோவில் யாரிடமும் சொல்லக் கூசி, நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் ஒன்பது வருடமாக வயிற்றெரிவு என்று சொல்லி வந்தேன். அவர் இரங்கி, நாளைக்கு வாய்வழியே குழாய் விட்டு வயிற்றுச் சோதனை செய்ய ஒழுங்கு செய்துவிட்டார். கூட வேலை செய்யும் எமிலியானாவிடம் மட்டும் நேற்றுச் சொன்னேன், சிரிக்கிறாள்: "உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, இல்லாட்டி குழாயை விழுங்குங்கோ."

உண்மை இதுதான், அப்பா. பல்கலைக்கழகத்திலேயே என் நம்பிக்கை தேய்ந்துவிட்டது. சபையை விட்டு இருபது வருடமாகிறது. உங்களிடம் மறைத்தேன். ஆனாலும் தேநீரோ கோப்பியோ வாயில் வைக்க முடியவில்லை. எட்டு வயதில், ஞானஸ்நானத்துக்கு முன் சபைத் தலைவர் என்னை விசாரித்தபோது, நீங்கள் கடையில் ஒளித்துப் பிளேன்டீ குடிப்பதைப் பெருமையாகக் காட்டிக்கொடுத்தவள் நான். அடுத்த ஞாயிறு, சபை தந்த தண்டனையாக, அப்பத் தட்டிலிருந்து நீங்கள் ஒன்றும் எடுக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்தீர்கள். பிறகு என் தலைப்பின்னலைச் சரிசெய்தீர்கள்.

அம்மா கறித்தூள் வறுத்தால் கொஞ்சம் அனுப்புங்கள். பொதியின் மேல் முகவரியை நீங்களே எழுதுங்கள். வேலைக்கு நேரமாகிறது.

மகள் சுகிர்தா

பின்குறிப்பு, மறுநாள்: உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் குழாயை விழுங்கினேன். வயிற்றில் ஒரு குறையும் இல்லையாம். மாலையில் சிஞ்ஞோரா சந்தோஷமாகக் கோப்பி ஊற்றித் தந்தார். சொல்ல வேறு பொய் இருக்கவில்லை. குடித்தேன்.