முன் டிஃபரன்ஷலின் எடை

இன்று காலை ஸ்ரௌவ்வில் நகரில் சித்தப்பா தன் புதுக் காரைப் பனி மூடிய டிரைவ்வேயில் இரண்டு தரம் ஏற்றி இறக்கிக் காட்டினார். "பாத்தியே பிள்ளை, நாலு சில்லும் இழுக்குது. வழுக்கவே வழுக்காது," என்றார். சித்தி வாசலில் நின்றபடி, "காட்டினது காணும், உள்ளுக்கு வாங்கோ. பக்கத்து வீட்டுச் சனம் உங்களுக்கு விசர் எண்டு நினைக்கப்போகுது," என்றார். நீ இருந்திருந்தால் காரின் அடியில் குனிந்து பார்த்திருப்பாய். நீ போனபிறகு வரும் மூன்றாவது பனிக்காலம் இது.

பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சேர்ந்து சிறிய பந்தயக் கார் கட்டும் அணியில் நீயும் நானும்தான் தமிழ்ப் பிள்ளைகள். நீ பொறியியல், நான் இலக்கியம். அறிக்கை எழுத ஆள் வேண்டுமென்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். மோர்னிங்சைட் நிறுத்தத்தில் நான் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்து வைப்பேன். வோபர்ன் நிறுத்தத்தில் நீ ஏறி, தோற்றுப்போன கார்களின் கதையைத் தொடங்குவாய். அறுபதுகளில் எஞ்சின்களின் வலு கூடக் கூட, பின்சில்லுகள் தரையைப் பிடிக்காமல் சுழன்றன. அதனால் சில அணிகள் நான்கு சில்லுகளையும் இயக்கும் பரீட்சார்த்தக் கார்களைக் கட்டிப் பார்த்தன. பாரம் கூடிப்போனது. வளைவில் கார் நினைத்தபடி திரும்பவில்லை. ஓட்டுநர்கள் வெறுத்தார்கள். காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளும் அகலமான டயர்களும் வந்து பிடிமானத்தைத் தந்துவிட, அந்தக் கார்களை மூலையில் தள்ளிவிட்டார்கள்.

"ஆனா முதல்ல வந்த ஒண்டு, மழைக்குள்ள வெண்டதெல்லே. ஒருக்கா வெண்டது காணாதோ?" என்பாய்.

"காணாது," என்பேன் நான்.

"தோத்த ஆக்களின்ர கதையெண்டா விடிய விடிய வாசிப்பாய். தோத்த கார் மட்டும் உனக்குப் பிடிக்காது, என்ன?"

எங்கள் காரையும் நான்கு சில்லில் ஓடவைக்க நீ ஒரு வருடம் கணக்குப் போட்டாய். முன்சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலை எங்கோ ஒரு பழைய உதிரிப்பாகக் கடையில் தேடிப் பிடித்தாய். வரைபட அளவுகளிலிருந்து அதன் எடை ஏழரைக் கிலோ என்று உன் கொப்பியில் எழுதியிருந்தாய். ஆனால் அணியின் வழக்கப்படி, எந்தப் பாகத்தையும் தராசில் வைத்து நிறுத்து வெள்ளைப் பலகையில் எழுதவேண்டும். பலகையில் ஏறிய எண்தான் செல்லும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

பெட்டி வந்த அன்று உனக்குப் பரீட்சை. நானே பிரித்து, நிறுத்து, பதினொரு கிலோ என்று எழுதினேன். நீ பரீட்சை மண்டபத்திலிருந்து நேரே அணியின் கூட்டத்துக்கு வந்து பலகையைப் பார்த்தாய்.

"நீயோ நிறுத்தனீ?"

"ஓம்."

"அப்ப சரிதான். என்ர கணக்குத்தான் எங்கேயோ பிழைச்சிட்டுது."

பாரம் அதிகம், கைவிடுவோம் என்றான் அணித்தலைவன். கைவிடக் கூடாது என்று உனக்காக நானும் கை தூக்கினேன். ஐந்து கைகள் உயர்ந்திருந்தன, ஆறு இறங்கியிருந்தன.

அதன்பின் அந்தச் சாமானைப் பார்க்கவே உனக்கு மனமில்லை. திருப்பி அனுப்பும் வேலையையும் என்னிடம் விட்டாய். ஒரு வாரம் கழித்து அதைப் புரட்டியபோதுதான் அடியில் ஒரு தடித்த இரும்புத் தகட்டைக் கண்டேன். அனுப்பும்போது சரியாமல் நிற்பதற்காகக் கடைக்காரர் நான்கு போல்ட்டுகளால் பூட்டியது. நான் அதையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன். கழற்றித் தனியே நிறுத்தேன். மூன்றரைக் கிலோ.

அதற்குள் டிஃபரன்ஷலுக்கு இடம் விடாமல் காரின் முன்சட்டத்தைப் பற்றவைத்து முடித்துவிட்டார்கள், இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சொன்னேன். அது பாதி உண்மை. அந்தப் பட்டறையில் என்னை நம்பித் தந்த ஒரே வேலை நிறுப்பது. அதையும் பிழையாகச் செய்தவள் என்று அறியப்பட நான் விரும்பவில்லை. தகட்டைக் கழிவு இரும்புத் தொட்டியில் போட்டேன்.

மருத்துவமனையில், உன் கடைசி வாரங்களில் ஒரு பின்னேரம், நீயே கேட்டாய். "எடி, உண்மையைச் சொல்லு. அந்த எடைக் கணக்கில நான் எங்க பிழை விட்டனான்? சும்மா படுத்திருக்கேக்க திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறன், பிடிபடுதில்லை."

சொல்ல ஒரு நிமிடம் போதும். "விடடி, பழைய கதை. கொஞ்சம் படு," என்றேன். நீ கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினாய்.

அந்தக் கார் வென்றிருக்கும் என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. முதல் வளைவிலேயே நேராகப் போய் வேலியில் முட்டியிருக்கவும் கூடும். நீ அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த வருடத்துக்கான கணக்கைத் தொடங்கியிருப்பாய். அந்த வளைவு வரைக்கும்கூட உன்னைப் போகவிடாதவள் நான்.

உன் அம்மா கொப்பியை என்னிடம் தந்தார். "உனக்குத்தான் இது விளங்கும் பிள்ளை," என்றார். கடைசிப் பக்கங்களில் ஒரே கணக்கைப் பதினான்கு தரம் போட்டிருக்கிறாய். எழுத்து வரவர நடுங்குகிறது. பதினான்கு தரமும் விடை ஏழரைதான். பதினான்கையும் நீயே கோடிழுத்து வெட்டியிருக்கிறாய்.