ஓர் அணுவுக்கு அரை கிராம்

பிப்ரவரி 11

கால்சியம்-48, அரை கிராம், இன்று காலை பத்தரை மணிக்கு ஆய்வுக்கூடத்து வேதியியலாளர் ரிம்மா ஃபியோதரவ்னாவிடம் ஒப்படைத்துவிட்டேன். யூரல் மலைப் பக்கத்திலிருந்து ரயிலில், சட்டை உள்பையிலேயே வைத்துக் கொண்டுவந்த சரக்கு. இதன் முன்னால் தங்கம் உப்பு விலை.

ரயில் நிலையத்தில் வெள்ளரி ஊறுகாய் விற்றுத் தொடங்கியவன் நான். பிறகு சிமெண்ட். இப்படியொரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. குழுத் தலைவர் ஸாவா இக்னாத்யிச் என் சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினார்: புரோட்டான் கணக்கில் கால்சியம் 20, க்யூரியம் 96, கூட்டினால் 116. இயற்கையில் இல்லாத தனிமம். கால்சியத்தை உலையில் ஆவியாக்கி, எலெக்ட்ரான்களை உரித்து, ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு விரட்டி, க்யூரியம் பூசிய தகட்டில் அடிப்பார்களாம். மோதுவது கோடானுகோடி. ஒட்டிக்கொள்வது அபூர்வம்.

"எவ்வளவு தேறும்?" என்றேன்.

"ஒண்ணு தேறினா விருந்து வைக்கிறேன்."

"ஒரு கிராமா?"

"ஒரு அணுய்யா!"

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். ஆனால் இப்போதே எனக்கும் அந்த ஒன்று வேண்டும் போலிருக்கிறது.

பிப்ரவரி 27

ஒன்றுமில்லை. தினமும் போன் செய்கிறேன். "பிரசவ வார்டுக்குக்கூட இத்தனை போன் வராது" என்கிறாள் ரிம்மா.

மார்ச் 9

கெட்டது காரியம். ஆவியான கால்சியத்தில் பெரும்பகுதி உலைச் சுவரில்தான் ஒட்டும். அதை அமிலத்தால் கழுவி எடுத்து மறுபடி பயன்படுத்துவார்கள். இந்த முறை கழுவி எடுத்ததில் சாதாரணக் கால்சியம் கலந்திருக்கிறது. சாதாரணத்தில் இருபது நியூட்ரான், நம் சரக்கில் இருபத்தெட்டு. அந்த எட்டுக்குத்தான் விலையே. அது இல்லாவிட்டால் 116 நிலைக்காது.

ஏப்ரல் 5 வரைதான் கால்சியத்தை விரட்டும் முடுக்கி இயந்திரம் இவர்களுக்கு. பிறகு வேறு குழுவுக்குப் போய்விடும்.

ஸாவா ரிம்மாவைப் பிடித்துக்கொண்டார். "கழுவினது யாரு? நீதானே? நாளையிலேர்ந்து உலைப் பக்கமே வராதே!" பதினான்கு வருடம் கழுவியவள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து கெட்டிலைத் திறந்தேன். உள்ளே வெள்ளைப் படிவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி. சுண்ணாம்பு — கால்சியம்!

அடப்பாவி. கேன்கள்.

அமிலத்தில் கலக்க அவர்களுக்குக் காய்ச்சி வடித்த நீர் கொடுப்பதும் நான்தானே. போன மாதம் கேன்களில் தூசி இருந்தது. கிணற்றடியில் நானே அலசினேன். அழுக்குக் கேனில் கொடுத்தால் எவன் மறுபடி வாங்குவான் என்று! அடியில் நின்ற அரை டம்ளர் தண்ணீரை யார் பார்த்தார்கள்?

யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால்? ரிம்மா போவாள். நான் இருப்பேன். அப்படியா வியாபாரம் செய்வது?

மார்ச் 10

போய்ச் சொல்லிவிட்டேன்.

"நீங்களே கழுவினீங்களா, தீகன் மத்வேயிச்?" ரிம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"அழுக்கா குடுத்திருந்தா பொழைச்சிருப்போம்!"

ஸாவா அவளிடம் மன்னிப்புக் கேட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "எனக்குக் காது இந்தப் பக்கம் இருக்கு" என்றாள் அவள். திரும்பிக் கேட்டார்.

ஒரு ஜெர்மன்காரருக்கென்று வைத்திருந்த இன்னொரு அரை கிராமை மேசைமேல் வைத்தேன். விலை பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

ஏப்ரல் 2

வந்துவிட்டது!!

மதியம் மூன்றேகால். கணக்குப் பேசப் போனவன் அங்கேயே இருந்தேன். தேநீரில் வளைய ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்த ரிம்மா அப்படியே ஓடினாள், ரொட்டி கோப்பையில் கரைந்தே போயிற்று. திரையில் நான்கு கோடுகள். என் கால்சியம் க்யூரியத்தோடு ஒட்டி 116 ஆகி, கண்ணிமைப்பதற்குள் ஹீலியம் கரு ஒன்றைத் துப்பி 114. இரண்டு விநாடி கழித்து 112. அரை நிமிடம் பொறுத்து 110. அப்புறம் இரண்டாக உடைந்து முடிந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை முழு ஆயுசும்!

"தற்செயலா இருக்கலாம். சரிபார்க்காம ஒருத்தரும் பாட்டில் திறக்கக் கூடாது" என்றார் ஸாவா. சொன்னவர் கைதான் பாட்டில்மேல் இருந்தது.

"உங்க அணுதான், தீகன் மத்வேயிச். பேர் வைங்க" என்றாள் ரிம்மா.

பேர் சொல்வதற்குப் பதில் அவள் தேநீரை எடுத்துக் குடித்துவிட்டேன், கரைந்த ரொட்டியோடு. சிமெண்ட் லாரி லாரியாக விற்றபோது இப்படி ஆனதில்லை.

ஏப்ரல் 6

சரிபார்த்தாயிற்று. அதுவேதான். விருந்தில் என் வெள்ளரி ஊறுகாய்தான் முதலில் தீர்ந்தது.

மே 14

அடுத்த சுற்றுச் சோதனைக்கு ஒப்பந்தம் எழுதினோம். ஷரத்துகளை நான் சொல்லச் சொல்ல எழுதியது ரிம்மா. உலைக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. கால்சியம்-48, ஒரு கிராம், ஒன்றரை லட்சம் டாலர், பாதி முன்பணம். கெட்டுப்போன சரக்கின் நஷ்டம் என்னுடையது. காய்ச்சி வடித்த நீர் ஓராண்டுக்கு இலவசம். கேன்களை நான் கழுவக் கூடாது.