திரும்பத் திரும்ப வந்த சட்டை

அன்பு வாலு,

நானும் உன் சித்தியும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. லிஃப்ட் கம்பெனியில் என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள், அதாவது அதே வேலை, கூடுதல் திட்டு.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கீழ்வீட்டுத் தையல் அக்கா ஊரைவிட்டுப் போகவில்லை. அவள் பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டு ஜெயிலுக்குப் போன பள்ளிக்கூட வேன்காரன் ஜாமீன் கேட்டானா, பக்கத்துச் சந்திலேயே அவன் திரும்ப வந்துவிட்டால் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பேன் என்று, சத்தத்துக்காக நான் தினமும் திட்டுகிற அந்தத் தையல் மிஷினை மூட்டை கட்டிவிட்டாள். ஜாமீன் கொடுக்குமுன் பிள்ளை பக்கமும் கேட்பார்களாம், கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது. துணைக்குப் போனேன். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லும்படி அவளைப் பழக்கியிருந்தேன், லிஃப்ட் எங்கே நின்றது என்று விசாரிப்பதுபோல். என் புத்தி அவ்வளவுதான். அவள் ஆரம்பித்ததுமே நீதிபதி அம்மா நிறுத்திவிட்டார். செய்தானா இல்லையா என்பதை விசாரணையில் பார்ப்போம்மா, வெளியே விட்டால் ஓடிவிடுவானா, உங்களை மிரட்டுவானா, பிள்ளை பயமில்லாமல் சாட்சி சொல்ல முடியுமா, இன்றைக்கு அதுதான் கேள்வி என்றார். அவனுடைய வக்கீலோ, இவர் குடும்பஸ்தர், சொந்த வீடு, எங்கே ஓடப்போகிறார் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, அவன் தங்கச்சி ஒரே சட்டையைத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டே இருக்காம்மா, ஒருநாள் இடுப்பைப் பிடிக்கணும்கிறா, மறுநாள் தையலைப் பிரிக்கணும்கிறா, தைக்கிற வரைக்கும் எதிர்ல உட்கார்ந்து கேஸை வாபஸ் வாங்கு, பொம்பளப்பிள்ளை வாழ்க்கை என்கிறா, இனிமேல் பிரிக்க அதில் துணியே இல்லம்மா என்றாள். உள்ளே இருக்கும்போதே இப்படியென்றால் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று நீதிபதி அம்மா அவன் வக்கீலைக் கேட்டார். பிள்ளையின் சாட்சியம் முடியும்வரை ஜாமீன் கிடையாது, அதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும், அந்தத் தங்கச்சி அக்கா வீட்டுப் பக்கம் வராமல் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. அதற்குப்பிறகு அவன் மறுபடி கேட்கலாமாம். இதென்ன நியாயம் என்று வாசலில் குதித்தேன். தீர்ப்புக்கு முன்னால் யாரையும் குற்றவாளியாக வைக்க முடியாது தம்பி, அப்போதும் அக்காவைக் கேட்டுத்தான் முடிவு என்றார் அரசு வக்கீல். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சரிதான்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைப் பிரித்து நானே மிஷினுக்கு எண்ணெய் போட்டேன், பிள்ளை விளக்குப் பிடித்தது, திருகாணியைத் தொலைத்ததற்கு என்னைத் திட்டவும் செய்தது.

ஆசி சொல்லும் வயசா எனக்கு? வளர்த்த உரிமையில் சொல்கிறேன், நன்றாக இரு. ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகித் தொலைக்காதே. போன் பண்ணினால் கத்திப் பேசு, கீழே மிஷின் ஓடும்.

பேருக்குச் சித்தப்பா, பொறுப்புக்கு அப்பா