பேட்டரி வரியை அடித்தவள் நான்தான்

துவாரகா, புது தில்லி
அக்டோபர் 14

அன்பு மகன் ஜெகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நானும் அப்பாவும் நலம். அக்டோபர் பிறந்துவிட்டதால் அப்பாவின் மூச்சு மட்டும் வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. அங்கே நீயும் ஸ்வப்னாவும் குட்டிப்பையன் அபினவும் சுகமாயிருக்க வேண்டுமென்று பூஜை அலமாரியில் இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நடுவில் அம்மா கேளுங்க, அம்மா கேளுங்க என்று நீ ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். இங்கிலீஷில் எழுதலாமென்றால் முப்பத்தைந்து வருஷம் மினிஸ்ட்ரியில் நோட்டு எழுதிய கை இது, இங்கிலீஷைத் தொட்டதும் கோபமெல்லாம் மரியாதையாகிவிடும். இந்தத் தடவை மரியாதை வேண்டாம் என்று இருக்கிறேன். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழ் படித்தவன்தானே, எழுத்துக்கூட்டிப் படி, இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். ஸ்வப்னாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. திட்டு உனக்குத்தான்.

போன வாரம் நம் சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் நீ போட்ட மெசேஜைப் படித்தேன். லீவில் வந்தபோது நீயே கேட்டுச் சேர்ந்துகொண்ட குரூப், அதில் ஒரு நாள் கூட வாய் திறக்காதவன், திறந்ததும் என்ன எழுதினாய்? அம்மாவுக்கு இந்தத் தொழில்நுட்பமெல்லாம் தெரியாது, சோலார் போட வந்த கம்பெனிப் பெண் அவர்களை ஏமாற்றிவிட்டாள், அம்மா சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவர்கள் செயலாளர் பதவியை விட்டுவிடுவார்கள், குளிர்காலத்துக்கு இரண்டு பேரையும் கனடாவுக்கு அழைத்துக்கொள்கிறேன் என்று. அதற்குக் கீழே பதினேழு பேர் கை கூப்பிய பொம்மை போட்டிருந்தார்கள். எனக்கு ஏதோ நானே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. உன்னைப் பெற்று வளர்த்ததில் முதல் தடவையாக உன்மேல் எனக்கு வெட்கம் வந்தது ஜெகன். சொல்லிவிட்டேன்.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், அதனால் முழுசாகச் சொல்கிறேன். நம் மூன்று பிளாக்குக்கும் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு முன் மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டோம், வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சம்மதம் வாங்கியது நான். இந்த ஜூன் மாதம் மண்டையைப் பிளக்கும் வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. லிஃப்டும் நின்றது, தண்ணீர் மோட்டாரும் நின்றது. சி பிளாக் லிஃப்டுக்குள் நம் பிரசிடெண்ட் அனேஜாஜியின் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் லட்டு டப்பாவோடு மாட்டிக்கொண்டார்கள். ஜெனரேட்டர் போடுகிற ஆள் சாப்பிடப் போயிருந்தான், ஆளைப் பிடித்து வர நாற்பது நிமிஷம். அனேஜாஜி கீழே நின்றுகொண்டு வானத்தைக் காட்டி, செல்விஜி, சூரஜ் தோ ஹை, பிஜ்லி கஹான் ஹை, சூரியன் இருக்கிறது, கரண்ட் எங்கே என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பதில் என்னவென்றால், கரண்ட் போனால் நம் பேனலும் தானாக நின்றாக வேண்டும், இல்லையென்றால் ரோட்டில் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனை நம் மாடிக் கரண்ட் அடித்துவிடும். பேட்டரி இருந்தால் வெளி லைனைத் துண்டித்துக்கொண்டு நம் கட்டிடம் மட்டும் தனியாக ஓடும். நம்மிடம் பேட்டரி இல்லை. மத்தியானம் அண்டா நிறையச் சமைத்துவிட்டு ராத்திரிக்கு எடுத்து வைக்க ஒரு பாத்திரம்கூட இல்லாத வீடு மாதிரிதான் இருந்தோம். பகலில் எல்லாரும் ஆபீசில் இருக்கும்போது பேனல் கொட்டுகிறது, சாயந்திரம் ஏழு மணிக்கு எல்லாரும் வந்து ஏசியைப் போடும்போது சூரியன் இல்லை.

ஏன் பேட்டரி இல்லை என்பதுதான் உனக்குத் தெரியாத பாதி. எஸ்டிமேட் கொண்டுவந்த எஞ்சினீயர் பெண் ஸ்நேகா அதில் பேட்டரியைச் சேர்த்துத்தான் கொடுத்தாள், மூன்றாவது ஐட்டம். ஆன்ட்டி, இது இல்லாவிட்டால் பவர் கட்டில் ஒன்றுமே ஓடாது என்று என் டைனிங் டேபிளில் உட்கார்ந்து படம் போட்டுக்கூடக் காட்டினாள். நான் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவள். எங்கள் ஆபீசில் எஸ்டிமேட் வந்தால் ஒரு வரியையாவது அடிக்காமல் மேலே அனுப்பினால் ஃபைலைப் படிக்கவே இல்லை என்று சொல்வார்கள். அந்தப் புத்தி ரிட்டயர் ஆனபோது என்னோடு ரிட்டயர் ஆகவில்லை. பச்சை மைப் பேனாவை எடுத்து மூன்றாவது வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டு, இப்போது அவசியமில்லை, பின்னர் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏர் ஃபோர்ஸில் இருபது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த உன் அப்பா அடுக்களை வாசலில் நின்று, ஏ புள்ள, அந்த வரிய அடிக்காத, அது இல்லேன்னா கரண்டு போகையில இதுவும் செத்துரும் என்றார். கம்பெனிக்காரர்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். எனக்குத்தான் தெரியவில்லை. அந்த ஜூன் மாதத்துக்கு அப்புறம் இன்றுவரை அவர் நான் அப்பவே சொன்னேன்ல என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு புருஷன் என்றால் அதைச் சொல்லியே என்னைக் கொன்றிருப்பான்.

அதைவிட மோசமானது, அந்த வாரம் ஸ்நேகாவை வரவழைத்து அனேஜாஜி வாசல் கேட் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கத்தியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு மாதம் அது எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. உன் மெசேஜைப் பார்த்ததும்தான் இனி ஒரு நாளும் பொறுக்கக் கூடாது என்று தோன்றியது. ஏமாந்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் ஜெகன். தப்பு செய்தவள் என்ற பெயர் இருக்கட்டும், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. தப்பு செய்கிறவளுக்கு அதைச் சரி செய்யவும் தெரியும், ஏமாந்தவளை மூட்டை கட்டிக் கனடாவுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாடி மீட்டிங். பேனலைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிய டீசல் ஜெனரேட்டர் வாங்குவது என்று அனேஜாஜி தீர்மானம் வைத்திருந்தார். இப்போது பிளாக்குக்கு ஒரு ஜெனரேட்டர், ஏ பிளாக்குடையதே நம் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்று புகை தள்ளுகிறது, பெரியது வந்தால் உன் அப்பா என்ன ஆவார் என்று உனக்கே தெரியும். நான் எழுந்து பச்சைக் கோடு போட்ட அந்த ஒரிஜினல் எஸ்டிமேட்டைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தேன். கல்தி மேரி ஹை, ஸ்நேகா கி நஹீன், தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணுடையது இல்லை, என் மகன் எழுதியது பொய் என்றேன். அப்படியானால் ராஜினாமா செய்யுங்கள் என்றார் அனேஜாஜி. செய்ய மாட்டேன், பால் கொட்டியவள்தான் தரையைத் துடைக்க வேண்டும் என்றேன். சின்னதாக ஒரு பேட்டரி, ஒரு பிளாக்கின் லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு இவற்றுக்கு மட்டும், மார்ச் முப்பத்தொன்று வரை வைத்துப் பார்ப்போம், கரண்ட் போகும்போது அவை நின்றால் பேனலைக் கழற்றுங்கள், நானும் விலகிவிடுகிறேன் என்று என் தீர்மானத்தை வைத்தேன். உடனே பின்னால் ஒருவர், ஆமாம், புருஷன் ஜன்னலுக்காகத்தானே இவ்வளவும் என்றார். எனக்கு வந்தது பார் ஆத்திரம். ஏ பிளாக்குக்கு வேண்டாம், அனேஜாஜி இருக்கிற சி பிளாக்குக்கே முதலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. சி பிளாக்குக்குப் போட்டால் இந்தக் குளிர்காலம் முழுக்க நம் ஜன்னலடியில் அந்த ஜெனரேட்டர் ஓடும். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபிளாட் ஒன்றுக்கு ஓட்டு ஒன்று, நம் ஓட்டு அப்பா பெயரில், செயலாளராகக் கைகளை எண்ணுவது மட்டும்தான் என் வேலை. எண்ணினேன். எதிர்ப்பு பத்தொன்பது, ஆதரவும் பத்தொன்பது. கடைசி வரிசையில் உன் அப்பா இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன், நியாயமும் அதுதான். இருமி முடித்துவிட்டு இன்ஹேலரோடு சேர்த்துக் கையைத் தூக்கினார். இருபது என்று நான் எழுதியபோது என் எழுத்து எனக்கே தெரியவில்லை. திரும்பி வரும்போது படியில் நின்று, நீ கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லிருப்பேன், ஆனா கேட்டுருக்கணும்ல புள்ள என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் ஸ்நேகாவுக்குப் போன் செய்து அவளிடமும் கேட்டேன். கேட்க வேண்டிய இடங்களில் நானே கேட்டாயிற்று.

பேட்டரி நவம்பர் முதல் வாரம் வருகிறது. பனிமூட்டத்தில் சோதனை வைக்கிறார்கள், ஜனவரியில் சூரியனே லீவு போட்டுவிடும், வேண்டுமென்றேதான் ஒத்துக்கொண்டார்கள் என்று நீ சொல்வாய். வைக்கட்டுமே. வெயில் வராத நாளில் மத்தியானம் ஊரில் கரண்ட் தாராளமாக இருக்கும்போது லைனிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம் என்று ஸ்நேகா சொல்லியிருக்கிறாள். காற்று கெட்டுப்போகும் நாட்களில் டீசல் ஜெனரேட்டருக்கு அரசாங்கமே கட்டுப்பாடு போடும், அன்றைக்கு எந்த பிளாக்கில் லிஃப்ட் ஓடுகிறது என்று பார்க்கலாம். அப்பாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டேன், டாக்டரிடம் காட்டி மருந்தும் மாற்றியாயிற்று. நீங்கள் மட்டுமாவது ஜெகனிடம் போய் இருந்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் உண்மையாகவே கெஞ்சினேன். நான் போயிட்டா மீட்டர யாரு பாப்பா என்கிறார். காலையிலும் சாயந்திரமும் சி பிளாக்குக்குப் போய் ரீடிங் எழுத ஒரு நோட்டுக்குக் கோடெல்லாம் போட்டு வைத்துவிட்டார். ஆகவே நீ எடுத்த டிக்கெட்டுகளைக் கேன்சல் செய்துவிடு.

வேலு மாமா மகள் கவிப்ரியாவுக்குத் தை மாதம் கல்யாணம், பத்திரிகை வந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன், நீ மறக்காமல் மாமாவிடம் பேசு. ஸ்வப்னா முழங்கால் வலி என்றாளே, அலட்சியமாக விடாதே. அபினவ் சாப்பிடும்போது அவன் கையில் போனைக் கொடுக்காதே, நீயும் அப்படித்தான் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் காமிக்ஸ் வைத்துக்கொண்டு சாப்பிட்டு வயிற்று வலி வாங்கிக்கொண்டாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாவை நினைத்து நீ தூங்காமல் இருப்பதும் தெரியும். நீ பாசத்தில்தான் எழுதினாய். ஆனால் பாசம் இருக்கிறது என்பதற்காக எனக்குப் பதிலாக நீ தலை குனியாதே. என் தலை இங்கே என் கழுத்தின் மேல்தான் இருக்கிறது.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். எந்தக் குரூப்பில் அந்தப் பெண்ணை ஏமாற்றுக்காரி என்று எழுதினாயோ, அதே குரூப்பில் அவள் ஏமாற்றவில்லை என்று உன் பெயரில் எழுது. என்னைப் பற்றி ஒன்றும் எழுதாதே. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நான் தோற்றால் ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் நானே மாடியேறி முதல் போல்ட்டைக் கழற்றுவேன். அதற்கும் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. செல்வி,
இன்னும் செயலாளர்.