ஜன்னலில் நின்றவருக்கு

கணவர் அவர்களுக்கு,

நலம். நீங்கள் முறுக்கிய மணிக்கட்டின் வீக்கம் வடிந்துவிட்டது. சாக்பீஸ் பிடிக்க முடிகிறது.

வியாழக்கிழமை நீங்கள் பள்ளிக்கு வந்து ஒன்றாம் வகுப்பு ஜன்னலில் முகத்தை வைத்தபோது, நான் குழந்தைகளோடு தவளை போலத் தாவிக்கொண்டிருந்தேன். "இன்னாமே, இப்டி குதிக்கத்தான் டீச்சர் டிரெய்னிங்கா? ஒயுங்கா ஊட்டுக்கு வா!" என்று சிரித்தீர்கள். என் பாடத்துக்கு மதிப்பெண் போட வந்த விரிவுரையாளர் பின்வரிசையில் இருந்தார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆட்களை மிரட்டியே பழகிய சூப்பர்வைசர் உங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படுமா?

அந்தக் குதிப்புதான் பாடம். 'வா' என்றால் முன்னால் தாவ வேண்டும், 'போ' என்றால் பின்னால். லிப்சாவுக்காக யோசித்த விளையாட்டு அது. ஒடிசாவிலிருந்து உங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவரின் மகள். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவள் வாய் திறந்ததே இல்லை.

நீங்கள் கத்தியதும் மற்ற பிள்ளைகள் என் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். லிப்சா மட்டும் ஜன்னலருகே போய், உங்களை அண்ணாந்து பார்த்து, "போ!" என்றாள். அவள் பேசிய முதல் தமிழ்ச் சொல் அது. உடனே வகுப்பே "போ! போ!" என்று கத்தியது. நீங்களும் போய்விட்டீர்கள். ஒருவர் சொல்லி நீங்கள் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"பாடம் நல்லா போய்ச் சேந்துச்சும்மா" என்றார் விரிவுரையாளர்.

நான் எப்போது உங்கள் வீட்டுக்குத் திரும்புவேன் என்று பொன்னேரியில் என் அம்மாவிடம் போனில் கேட்டீர்களாம். ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லையென்றால், என்னால் சொல்லித்தர முடியாது.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு டீச்சர்